வீட்டிலும் கடையிலும் குவிந்த பழைய சாமான்: யாரிடம் கொடுப்பது, என்ன செலவு, எங்கே போய்ச் சேரும்?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். வங்சா மாஜுவில் கொண்டோவில் இருக்கும் ஒரு தோழி, கால் உடைந்த சோபாவை என்ன செய்வது என்று கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் இருபது வருடம் தையல் கடை நடத்திய ஒருவர் கடையை மூடுகிறார். மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும், உள்ளே மூன்று லோரி சாமான் கிடக்கிறது. செந்தூலில் அப்பா அம்மா வாழ்ந்த வீட்டை விற்கப்போகும் ஒரு குடும்பம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: “யாரைக் கூப்பிடுவது?”

மூன்று வருடத்துக்கு முன் எனக்கும் இதே நிலைமை. பெரியம்மா தவறிய பிறகு செகாம்புட்டில் அவர் இருந்த வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு லோரியைக் கூப்பிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் தப்பு. ஒரு வீட்டுச் சாமான் என்பது ஒரே குவியல் கிடையாது. அதில் ஐந்தாறு குவியல் கலந்து கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. எது எதற்குச் சரி என்று பார்ப்போம். நான் சொல்வது கோலாலம்பூருக்கு. கோம்பாக், பெட்டாலிங் ஜெயா, அம்பாங் ஜெயா பக்கம் இருந்தால் நீங்கள் சிலாங்கூர். அங்கே குப்பை எடுப்பது கேடிஇபி நிறுவனம், ஏற்பாடும் வேறு. எல்லையோரத் தாமான்களில் இருப்பவர்கள் தங்கள் மதிப்பீட்டு வரி பில் யாரிடமிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் விலையில் தொடங்குகிறோம். தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. நான் பார்ப்பது இவை.

கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு. பழைய இரும்பு விற்ற காசு லோரிக் கூலியில் பாதியை அடைத்துவிடும் சமயமும் உண்டு.

நேரம். சாவியை ஒப்படைக்கும் தேதி கழுத்தில் நிற்கிறதா, இல்லை ஞாயிறு தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமா?

யார் தூக்குவது? இரண்டாவது மாடியிலிருந்து ஓர் இரும்பு அலமாரியைப் படியில் இறக்கிப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். முதுகு பிடித்துக்கொண்டால் ஆகும் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

அப்புறம், நம் பெயர். பழைய பில், வங்கிக் கடிதம், மருத்துவமனை அட்டை, கணினி ஹார்ட் டிஸ்க் எல்லாம் சாமானோடு சேர்ந்து போகும். அது யார் கைக்குப் போகிறது?

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை முதலாவதாக, பொருள் எங்கே போய்ச் சேர்கிறது? கோலாலம்பூர் குப்பை ஜிஞ்சாங் பக்கம் தாமான் பெரிங்கினில் இருக்கும் இடைநிலையத்துக்குப் போகும். அங்கே அதைப் பெரிய டிரெய்லர்களுக்கு மாற்றி, வடக்கே உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலநிரப்புக்குக் கொண்டுபோவார்கள். 2005-இல் தொடங்கிய அந்த நிலநிரப்பில் அடியில் விரிப்பு போட்டு, கசியும் கறுப்பு நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கிறார்கள். அழுகலில் எழும் வாயுவை எடுத்து மின்சாரமும் தயாரிக்கிறார்கள். முறையான வழி என்றால் முடிவு அங்கே. முறையற்ற வழி என்றால் முடிவு ஏதோ ஓர் ஆற்றங்கரை, அல்லது நெடுஞ்சாலைப் பாலத்தின் அடி.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | நம் உழைப்பு | எங்கே போகிறது என்று தெரியுமா | எதற்குச் சரி |
|---|---|---|---|---|
| வாராந்திரப் பெரிய குப்பை சேகரிப்பு | வரியில் அடக்கம் | வாசல் வரை நாமே தூக்க வேண்டும் | தெரியும் | தரை வீட்டில் இரண்டு மூன்று பெரிய சாமான் |
| பழைய பேப்பர் லோரி, இரும்புக் கடை | நமக்குத்தான் காசு | பிரித்து வைக்க வேண்டும் | பாதி தெரியும் | பேப்பர், இரும்பு, செம்பு, அலுமினியம் |
| தானம் | பெரும்பாலும் இல்லை | கழுவி, துடைத்து, காத்திருக்க வேண்டும் | நன்றாகத் தெரியும் | இன்னும் உழைக்கும் பொருள் |
| வாடகை லோரி, ஆட்களோடு | அதிகம் | மிகக் குறைவு | கேட்டால்தான் தெரியும் | அவசரம், மாடி வீடு, வயதானவர்கள் |
| ரோரோ தொட்டி (லோரி இறக்கிவிட்டுப் போகும் பெரிய இரும்புத் தொட்டி) | மிக அதிகம் | நாமே நிரப்ப வேண்டும் | நிறுவனத்தைப் பொறுத்தது | ரெனோவேஷன், முழு வீட்டுக் காலி |
| மின்கழிவுச் சேகரிப்பு | இல்லை, அல்லது காசு வரும் | கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் | தெரியும் | கணினி, கைப்பேசி, டிவி, பேட்டரி |

## வாராந்திரப் பெரிய குப்பை சேகரிப்பு

பலருக்கு இது இருப்பதே தெரியாது. கோலாலம்பூரில் 2007-ஆம் ஆண்டின் 672 சட்டம், அதாவது திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், 2011 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் குப்பை எடுப்பது அலாம் ஃபுளோரா நிறுவனம். கண்காணிப்பது எஸ்டபிள்யூகார்ப் என்ற அரசு அமைப்பு. முறைக்குப் பெயர் ‘2+1’: வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். அந்த ஒரு நாளில்தான் மெத்தை, மேசை, அலமாரி மாதிரிப் பெரிய சாமானும், வெட்டிப்போட்ட மரக்கிளையும் எடுப்பார்கள். உங்கள் வீதிக்கு எந்த நாள் என்று ஒரு தடவை கேட்டு நாள்காட்டியில் எழுதிவைத்தால் போதும்.

மதிப்பீட்டு வரியில் நாம் ஏற்கெனவே கட்டிய காசு இது. தரை வீட்டில் இருந்து, போக வேண்டியது ஒரு மெத்தையும் இரண்டு நாற்காலியும்தான் என்றால், இருநூறு வெள்ளி கொடுத்து லோரி பிடிக்க எந்தக் காரணமும் இல்லை.

மறைந்திருக்கும் சிரமம் நாள் தவறுவதில் வரும். செவ்வாய் எடுக்கும் இடத்தில் புதன் சாயந்தரம் மெத்தையை வைத்தால் ஆறு நாள் மழையில் ஊறும். ஒருவர் வைத்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் தன் உடைந்த அலமாரியைக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்ப்பார். தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியோ பழைய டயரோ அதில் இருந்தால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிரசவ அறை. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி அபராதம் வரும். டிங்கிக் காய்ச்சல் வந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐந்நூறு பெரிதாகத் தெரியாது.

எடுக்காதவை: ரெனோவேஷனில் உடைத்த கல், மண், ஓடு. கடைக் குப்பை. பெயின்ட், ரசாயனம். இவற்றை வைத்துவிட்டு “லோரிக்காரன் எடுக்கவில்லை” என்று புகார் சொல்வதில் நியாயமில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே வாசலுக்கு லோரி வராது, குப்பை அறை நிர்வாகத்தின் பொறுப்பு. சில ஜேஎம்பிகள் (குடியிருப்பின் கூட்டு நிர்வாக அமைப்புகள்) பெரிய சாமானுக்கென்று ஓர் இடமும் ஒரு நாளும் ஒதுக்கியிருக்கின்றன. பலவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. சோபாவை இரவோடு இரவாக லிஃப்ட் பக்கம் வைத்துவிட்டு வருவது மட்டும் வேண்டாம். நடைபாதையும் படிக்கட்டும் எல்லாருக்கும் பொது, தீ பிடித்தால் ஓடுகிற வழியும் அதுதான். அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரு லோரிக்குப் பணம் போடலாம். வங்சா மாஜு தோழி கடைசியில் அதைத்தான் செய்தார். அவருடைய பங்கு ஒரு குடும்பம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவுகூட ஆகவில்லை.

## பழைய பேப்பர் லோரியும் இரும்புக் கடையும்

“பேப்பர் லாமா… பெசி பூரோக்…” என்று ஒலிபெருக்கியில் இழுத்துப் பாடிக்கொண்டு வரும் லோரியைத் தெரியாத தாமான் கிடையாது. சிறு வயதில் அந்தக் குரல் கேட்டால் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவார். கட்டிவைத்த பேப்பரைத் தொங்குதராசில் மாட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கிடைத்த காசு அன்றைக்கு எங்களுக்கு ஐஸ்கிரீம்.

இன்றைக்கும் பேப்பருக்குக் கிலோ கணக்கில் சில்லறைதான். உலோகத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரும்பைவிட அலுமினியத்துக்கு விலை அதிகம், அதைவிடப் பித்தளை, எல்லாவற்றுக்கும் மேலே செம்பு. எல்லாம் கலந்து கொடுத்தால் எல்லாவற்றையும் இரும்பு விலைக்குத்தான் எடுப்பார்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாதது தனி. நல்ல எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது, அது மூன்றாவது குவியல். இந்த அரை மணி நேர வேலைக்குக் கூலி உண்டு.

ஒரு வேண்டுகோள்: பித்தளைக் குத்துவிளக்கு, உருளி, வெத்தலைப் பெட்டி எதையும் எடைக்குப் போடாதீர்கள். பழைய பொருள் வாங்குபவர்களிடம் அதற்கு வேறு விலை. அதைவிட, சொந்தத்தில் யாராவது வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கேட்கக் கூச்சப்பட்டு இருப்பார்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

இந்த வழியின் மறைசெலவு நம் பையிலிருந்து போவதில்லை, காற்றிலும் மண்ணிலும் விழுகிறது. ஐஸ்பெட்டியையும் ஏர்கோனையும் எடுத்துப்போகும் சிலர் கம்ப்ரஸரில் இருக்கும் செம்புக்காகக் குழாயை அப்படியே வெட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் குளிர்வாயு மொத்தமும் வெளியே. பழைய பெட்டிகளில் இருப்பது ஓசோன் படலத்தை அரிக்கும் வகை. வயரை எரித்துச் செம்பெடுப்பதும் அப்படித்தான். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே இரும்புச் சாமானை, பேப்பரை அவர்களிடம் கொடுங்கள். மின்சாமானை வேறு வழியில் அனுப்புங்கள். கார் பேட்டரிக்கு இன்னும் எளிது. புதியது மாற்றும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள், கேட்க மறக்காதீர்கள்.

## தானம்

இது எனக்குப் பிடித்த வழி, மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படும் வழியும் இதுதான். இரட்சணிய சேனையின் செகண்ட் ஹேண்ட் கடைகளும், த்ஸு சி அறநிறுவனத்தின் மறுசுழற்சி நிலையங்களும் இருக்கின்றன. துணிக்கென்று கிளோத் கேர்ஸ் மாதிரி அமைப்புகள் பெட்டி வைத்திருக்கின்றன. த்ஸு சி நிலையத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். எழுபது வயது அம்மாக்கள் சின்ன முக்காலியில் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் தனியாக, பாட்டிலைத் தனியாகக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் குழம்பு காய்ந்த டப்பாவைக் கொடுக்க மனம் வராது.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இதை என் தங்கை வீட்டுக்கு அனுப்புவேனா? ஆம் என்றால் தானம். ஸ்பிரிங் வெளியே வந்த மெத்தை, கரையான் அரித்த கட்டில், பூஞ்சை பிடித்த தலையணை எல்லாம் தானம் ஆகாது. அதை வாங்கிய இல்லம் தன் காசில் லோரி வைத்துத்தான் கொட்டியாக வேண்டும். நம் செலவை ஓர் அநாதை இல்லத்தின் தலையில் கட்டுவதற்குப் பெயர் தர்மம் இல்லை.

நேரம் பிடிக்கும் என்பது இதில் பெரிய குறை. படம் அனுப்ப வேண்டும், அவர்கள் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், பெரிய சாமானை எடுத்துப்போக முடியாது என்றும் சொல்லலாம். இரண்டு வாரமாவது கையில் இருந்தால்தான் இந்த வழி.

இறந்தவரின் துணியைக் கொடுப்பதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. பெரியம்மாவின் சேலைகளில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மீதியைத் துவைத்து மடித்துக் கொடுத்தோம். யாரோ ஒரு பெண் தீபாவளிக்கு அதைக் கட்டியிருப்பார் என்று நினைக்கும்போது இன்றும் மனசு நிறைகிறது.

## வாடகை லோரி

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான், தப்பு நடப்பதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரியம்மா வீட்டுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டேன். முதலாமவர் படம் அனுப்பச் சொன்னார், எத்தனை படி, லோரி எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார், 280 வெள்ளி சொன்னார். இரண்டாமவர் எதையும் கேட்கவில்லை. “நூற்றைம்பது, நாளைக்கே வர்றேன்” என்றார். நான் இரண்டாமவரைப் பிடித்தேன். மூன்று பேர் வந்தார்கள், முக்கால் மணி நேரத்தில் வீடு காலி. ரசீது கேட்கவும் தோன்றவில்லை.

பதினொரு நாள் கழித்து ஓர் அமலாக்க அதிகாரியிடமிருந்து போன். ஆற்றங்கரையில் ஒரு குவியல் கிடக்கிறது, அதில் இந்தப் பெயரில் மின்சார பில்லும் மருத்துவமனைத் தேதி அட்டையும் இருக்கின்றன, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். நீலப்பூ போட்ட அந்த மெத்தை சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. அலமாரி இழுப்பறை ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் பெரியம்மாவின் கோல நோட்டு. நாற்பது வருடமாகப் புள்ளி வைத்து வைத்துப் பென்சிலில் வரைந்து சேர்த்தது, தாள் எல்லாம் ஒட்டிப்போய்க் கூழாகியிருந்தது. இழுப்பறையைத் திறந்தே பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் குவியலை எடுக்க இன்னொரு லோரிக்கு 320 வெள்ளி கொடுத்தேன். ஆக மொத்தம் 470. முதலில் 280 சொன்னவரைப் பிடித்திருக்கலாம். அதிகாரி நல்ல மனிதர், விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டார். ஆனால் 672 சட்டம் இலேசானது இல்லை. அனுமதியில்லாத இடத்தில் கழிவைக் கொட்டினால் 10,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு.

அதனால் லோரி பிடிப்பதற்கு முன் கேளுங்கள்: எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? முறையான இடத்தில் கொட்டுபவர் இடத்தின் பெயரை உடனே சொல்வார், எடைச் சீட்டைக் காட்டவும் தயங்க மாட்டார். “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்பது பதில் இல்லை. கழிவு எடுக்கும் உரிமம் இருக்கிறதா, நிறுவனப் பதிவு எண் போட்ட ரசீது தருவார்களா என்று கேளுங்கள். சொன்ன விலையில் படியேற்றம், மெத்தை, ஐஸ்பெட்டி, டோல், பார்க்கிங் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். பாதி ஏற்றிய பிறகு “மெத்தைக்குத் தனி” என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஏற்றும்போது லோரி எண் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

லோரிக் கூலி இடத்தை வைத்துத்தான், லோரியில் எவ்வளவு அடைகிறது என்பதுதான் கணக்கு. விற்பதை விற்று, கொடுப்பதைக் கொடுத்த பிறகு கூப்பிட்டால் மூன்று டன் லோரி ஒரு டன் லோரியாகச் சுருங்கும். கட்டிலையும் அலமாரியையும் கழற்றி வைத்தால் இன்னும் சுருங்கும்.

முதுகு முடியாதவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள், லிஃப்ட் இல்லாத பிளாட், சாவி கொடுக்கும் தேதி நெருங்கியவர்கள்: இவர்களுக்கு நல்ல லோரிக்காரர் தங்கமான துணை. கொடுக்கிற காசு வீணில்லை.

## ரோரோ தொட்டி

லோரி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பெரிய இரும்புத் தொட்டி. நாம் சில நாளில் நிரப்பியதும் வந்து தூக்கிப்போவார்கள். சுவர் இடிப்பது, ஓடு மாற்றுவது, முழு வீட்டையும் காலி செய்வது என்றால் இதற்கு ஈடில்லை.

கல்லும் மண்ணும் என்றால் தொட்டி நிரம்பும் முன்பே எடை வரம்பு வந்துவிடும், கூடுதல் எடைக்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சொந்த வளாகத்தில் இடம் இல்லாமல் வீதியில் வைத்தால் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். இரவில் அக்கம்பக்கத்தார் தங்கள் குப்பையைக் கொண்டுவந்து போடுவார்கள், அதற்கும் நாம்தான் காசு கட்டுவோம். மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டுங்கள். மழைத் தண்ணீரும் எடைதான்.

ரெனோவேஷனுக்குக் கான்டிராக்டர் வைத்திருந்தால், கழிவை அகற்றுவது அவர் விலைக்குள் அடக்கமா என்று தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பழைய வீட்டுக் கூரையிலோ சீலிங்கிலோ அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைத்துத் தொட்டியில் போடக் கூடாது. உடையும்போது பறக்கும் இழை நுரையீரலில் போய் உட்காரும். கான்டிராக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, உடைக்காமல் முழுத் தகடாக நனைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

## மின்கழிவு

டிவி, கணினி, கைப்பேசி, சார்ஜர், குழல்விளக்கு. பழைய தடித்த டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, குழல்விளக்கில் பாதரசம். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் மின்கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனி எண்ணே உண்டு. சுற்றுச்சூழல் துறை அனுமதித்த சேகரிப்பு இடங்களில் கொடுக்கலாம். வீட்டுக்கே வந்து எடுத்து, பொருளைப் பொறுத்துக் காசும் தரும் எர்த் மாதிரி நிறுவனங்களும் இருக்கின்றன. கைப்பேசியில் கணக்கை அழித்து, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். வீங்கிப்போன பேட்டரியைக் குப்பைப் பையில் போடவே கூடாது. லோரியின் உள்ளே நசுங்கினால் தீப்பிடிக்கும், அந்த லோரியின் பின்னால் நிற்பவர் ஒரு தொழிலாளி.

## கடை, அலுவலகம் என்றால்

வீட்டுக்கான சேகரிப்பு கடைக்கு இல்லை. உங்கள் கடைக்குப்பையை யார் எடுக்கிறார்கள், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கடையை மூடும் வாரத்தில் தேடாதீர்கள்.

பட்டறை வைத்திருப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கழிவு எண்ணெய், ஈய பேட்டரி, ரசாயனம் ஒட்டிய டின், எண்ணெய் துடைத்த துணி எல்லாமே அட்டவணைக் கழிவு. 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னைத் தாண்டக் கூடாது, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கிளினிக்கின் ஊசியும் பஞ்சும் இதே பட்டியல்தான். “சும்மா ஒரு டிரம்தானே” என்று நினைப்பவர்கள் 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் லோரியில் கொண்டுவந்து ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். 2,700-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

உணவகத்துக்கு ஒரு நல்ல செய்தி: பொரித்த எண்ணெயைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கால்வாயில் ஊற்றினால் அடைப்பெடுக்க நாம் காசு கொடுக்க வேண்டும். டின்னை மூடி வைத்து, வாங்குபவர் உரிமம் உள்ளவரா, மீண்டும் சமையலுக்குப் போகாமல் எரிபொருளுக்குப் போகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அலுவலகம் என்றால் காகிதம். வருமான வரிக் கணக்குப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்குள் எடைக்குப் போடாதீர்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு இருக்கும் கோப்பை அப்படியே பேப்பர் லோரியில் ஏற்றுவது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு மோதும் காரியம். துண்டுதுண்டாக்கித் தரும் நிறுவனங்களிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள்.

வாடகைக் கடையை மூடும்போது பெரிய மறைசெலவு டெபாசிட். எடுத்தபோது இருந்த நிலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் தடுப்புச் சுவர், பெயர்ப்பலகை, சீலிங் வரை கழற்ற வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்காரரின் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. லோரிக் கூலியில் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிப்பதைவிட, தேதிக்கு முன் முடித்து இரண்டு மாத டெபாசிட்டை வாங்குவதுதான் அவருக்கு லாபம். அதனால் தையல் இயந்திரங்களை ஒரு பயிற்சி மையத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்கு ரசீது தரும் லோரியையே பிடிக்கச் சொன்னேன்.

## சாமி படங்கள்

எந்தப் பட்டியலிலும் இது வராது, ஆனால் நம் வீடு ஒவ்வொன்றிலும் வரும். கண்ணாடி விரிசல் விட்ட முருகன் படம், நிறம் போன லெட்சுமி படம், பத்து வருடக் காலண்டர். குப்பையில் போட மனம் ஒப்பாது. அதனால் யாரோ ஓர் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறோம். மழையில் சட்டம் உப்பி, கண்ணாடி உடைந்து, வேரில் கிடக்கிறது. ஆற்றில் விடுவதும் ஆற்றுக்குக் கேடு. முதலில் உங்கள் கோயிலில் கேளுங்கள், வாங்கிக்கொள்வதில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். நான் செய்தது இது: வீட்டிலேயே ஒரு கற்பூரம் காட்டி, படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துச் செம்பருத்திச் செடியடியில் இட்டேன். மரச்சட்டமும் தகடும் தனித்தனியே போயின. கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று மலாயில் எழுதி வைத்தேன். குப்பை எடுப்பவர் கை அறுபடக் கூடாது.

பழையதை எரிப்பது போகிப் பழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. நம் நாட்டில் திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். எரிகிற ரெக்சின் சோபாவின் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில்தான் போய் ஏறும்.

## செந்தூல் குடும்பத்துக்கு நான் சொன்ன வரிசை

அவர்களுக்கு இரண்டு மாதம் இருந்தது, அதனால் எல்லா வழியும் திறந்திருந்தது. முதல் ஞாயிறு காகிதமும் இழுப்பறையும் மட்டும், வேறு எதையும் தொடக் கூடாது. இரண்டாவது ஞாயிறு சொந்தக்காரர்கள் வந்து வேண்டியதை எடுக்கட்டும். மூன்றாவது வாரம் தானம், நான்காவது பேப்பர் லோரி. மின்கழிவை ஒருவர் காரில் கொண்டுபோகட்டும். அது தரை வீடு, ஆகவே மெத்தை, நாற்காலி வாராந்திரச் சேகரிப்பு நாளில் வாரம் இரண்டாகப் போகும். அதற்கு மேல் மிஞ்சினால் கடைசி வாரத்தில் ஒரு டன் லோரி.

நேற்று அந்த வீட்டு மூத்த மகள் ஒரு படம் அனுப்பினார். முதல் ஞாயிறு வேலையில், சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு மைலோ டின் இருந்ததாம். உள்ளே அவர்களின் அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்துச் சம்பளச் சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு, வருட வாரியாக.